பி.ஏ. முடிக்கிற நேரத்தில் பிள்ளை இயற்பியல் கேட்டால்

உங்கள் மடலில் "வீணாப்போச்சு" என்கிற வார்த்தை மூன்று இடத்தில் வருகிறது அம்மா. பி.ஏ. ஆங்கிலம் முடிக்கப்போகும் நேரத்தில் தம்பி இயற்பியல் படிக்கணும் என்கிறார், திரும்ப முதலாண்டிலிருந்து ஆரம்பிக்கணும், கட்டிய ஃபீஸ், போன வயசு, சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். இதே இடத்தில் நின்ற ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டனி லெகெட், 1938இல் லண்டனில் பிறந்தவர். அப்பா பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணிதம் நடத்தியவர், அம்மாவும் கொஞ்ச காலம் கணக்கு டீச்சர். அந்த வீட்டுப் பிள்ளை படிக்கப் போனது லத்தீனும் கிரேக்கமும். அன்றைய இங்கிலாந்தில் கெட்டிக்காரப் பையன் என்றால் அந்தப் பக்கம்தான் திருப்பிவிடுவார்கள், நம் ஊரில் மார்க் வந்தால் டாக்டர் சீட்டுக்குத் திருப்பிவிடுகிற மாதிரி. 1955இல் ஸ்காலர்ஷிப்போடு ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்குப் போய் நாலு வருஷம் பழைய இலக்கியம், பழைய வரலாறு, தத்துவம் படித்தார். தத்துவம் அவருக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதில் ஒருவர் சொன்னது சரியா தப்பா என்று முடிவாகச் சொல்ல வெளியே ஓர் அளவுகோல் கிடையாதே என்பது அவரை உறுத்தியது. தான் சொல்வது தப்பு என்று நிரூபணம் ஆகக்கூடிய, அப்படித் தப்பானாலும் அது முட்டாள்தனம் ஆகிவிடாத ஒரு வேலை வேண்டும் என்று நினைத்தார், இயற்பியலுக்கு வந்தார். மெர்ட்டன் கல்லூரியில் இரண்டாவது இளநிலைப் பட்டம், அப்புறம் முனைவர் பட்டம்.

இந்தக் கதையைப் பாதியோடு நிறுத்தி "ஆசைப்பட்டதைப் படிக்க விடுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. பள்ளியின் கடைசி மாதங்களில், ஸ்காலர்ஷிப் கிடைத்த பிறகு, கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பாதிரியார் அவருக்குத் தனியாகக் கணக்கு சொல்லிக்கொடுத்திருந்தார். இயற்பியலுக்குள் நுழையும்போது கையில் அது இருந்தது. காலமும் கைகொடுத்தது: 1957இல் சோவியத் ஸ்புட்னிக்கை ஏவியதும், நம் பிள்ளைகளை எல்லாம் லத்தீன் பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கிறோமே என்ற கவலை பிரிட்டனிலும் வந்துவிட்டது. ஆசை, கணக்கு, கதவைத் திறக்க ஒரு கல்லூரி, மூன்றும் சேர்ந்துதான் அது நடந்தது.

பிறகு அவர் எடுத்துக்கொண்டது ஹீலியம்-3. கடுங்குளிரில் திரவமாகிற பொருள் அது, அதையும் தாண்டி, தனிச்சுழிக்கு (அதற்குக் கீழே குளிரவே முடியாது என்கிற எல்லை) மேலே ஒரு டிகிரியில் ஆயிரத்தில் இரண்டரை பங்கு அளவுக்குக் குளிர்வித்தால் உராய்வே இல்லாமல் ஓட ஆரம்பித்துவிடும். 1972இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீ, ரிச்சர்ட்சன், ஓஷரோஃப் மூவரும் ஹீலியம்-3இல் விநோதமான அளவீடுகளைக் கண்டார்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லெகெட்டிடம் ரிச்சர்ட்சன் நேரில் வந்து அதைச் சொன்னார். அணுக்கள் ஜோடி சேருகின்றன, அந்த ஜோடிகள் எல்லாம் ஒரே திசையை ஒழுங்காகப் பிடித்துக்கொள்கின்றன, அதனால்தான் காந்த அளவீடு எதிர்பார்த்த இடத்திலிருந்து நகர்கிறது என்று லெகெட் விளக்கினார். அதற்குத்தான் 2003இல் நோபல் பரிசு, 65 வயதில். படித்த தத்துவமும் எங்கும் போய்விடவில்லை: அணு அளவில் செல்லுகிற குவாண்டம் விதிகள் கண்ணுக்குத் தெரிகிற பெரிய பொருள்களுக்கும் செல்லுமா என்ற கேள்வியைப் பல வருஷம் துரத்தினார், 1985இல் அனுபம் கார்க் என்பவரோடு சேர்ந்து அதைச் சோதிக்க ஒரு வழியும் சொன்னார்.

இப்போது தம்பி விஷயம். பிளஸ் டூவில் மேத்ஸ் குரூப் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய நிம்மதி, அது இல்லையென்றால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். ஆனால் மூன்று வருஷமாகக் கணக்கைத் தொடவில்லை என்பதுதான் என் கவலை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல், கணிதப் புத்தகங்களை எடுத்து தினம் இரண்டு மணி நேரம், மூன்று மாதம், அவரே கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் வகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, சந்தேகம் வந்தால் பார்க்கலாம். வெறும் வீடியோ பார்த்து ரசிப்பதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். போட்ட கணக்கு தப்பாகும்போது நோட்டை மூடிவிடுகிறாரா, இல்லை எங்கே தப்பினோம் என்று ராத்திரி உட்கார்ந்து தேடுகிறாரா, அதைக் கவனியுங்கள்.

பணத்தைப் பற்றியும் அவரிடம் ஒளிக்காமல் பேசுங்கள். பி.எஸ்சி., எம்.எஸ்சி. சேர்ந்து ஐந்து வருஷம், ஆராய்ச்சி என்றால் அதற்கு மேலும் ஐந்தாறு. அதுவரை வீட்டுக்குச் சம்பளம் வராமல் உங்களால் சமாளிக்க முடியுமா? முடியாது என்றால் அதைச் சொல்லுங்கள், ஒரு வருஷம் வேலைக்குப் போய்ச் சேர்த்துவிட்டுப் படிப்பதும் வழிதான். வீட்டை அடமானம் வைக்க மட்டும் வேண்டாம். சேர நினைக்கிற கல்லூரியில் வயது வரம்பு, இரண்டாவது பட்டத்துக்கான விதி என்ன என்று அலுவலகத்தில் நேரில் கேட்டு வையுங்கள். பி.ஏ. கடைசி செமஸ்டரை நல்ல மார்க்கோடு முடிக்கச் சொல்லுங்கள், அதை இப்போது கைவிட வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கு நோட்டோடு தம்பியை அழைத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.