சலத்தில் கல்சியம் நோர்மல் என்று ரிப்போட் வந்திருக்கிறது, ஆனால் கணவருக்குக் கிட்னியில் கல் திரும்பத் திரும்ப வருகிறது. லாப் பிழையா?

தங்கச்சி, முதலில் அந்த ரிப்போட்டில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பாருங்கள். கல்சியத்தைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கணவரும் காலையில் வேலைக்கு ஓடுகிறவராகத்தான் இருப்பார், அதனால் சொல்கிறேன்.

என் கணவர் இவருக்குப் புறக்கோட்டையில் கடை. 24 மணிநேரச் சலம் சேர்க்க ஆசிட் ஊற்றிய கான் ஒன்றைக் கொடுத்தார்கள். கல்சியம் 160 மில்லிகிராம் என்று வந்தது. ஆண்களுக்கு ஒரு நாளில் 300ஐத் தாண்டினால்தான் கூட என்பார்கள், ஆகவே வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. டொக்டர் மட்டும் கிரியேட்டினின் வரியில் பேனையை வைத்துக்கொண்டு, "கடையில் போனதையும் சேர்த்தீர்களா?" என்று கேட்டார். அங்கே 620தான் இருந்தது. இவரைப்போல 70 கிலோ ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் வர வேண்டும். கிரியேட்டினின் தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெளியேறும். அது குறைந்தால் சலம் முழுதாகச் சேரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டோடு இருந்து திரும்பச் சேர்த்தோம். கிரியேட்டினின் 1,340, கல்சியம் 345!

லாப்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மெஷின் கொடுத்ததைச் சரியாகத்தான் அளந்தது. என் கோபம் அந்த விளக்கத் தாளில். எழுந்தவுடன் போவதைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு போவது அத்தனையையும், மறுநாள் எழுந்தவுடன் போவதையும் சேர்க்க வேண்டும் என்பது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. இவர் சிங்களம் நன்றாகக் கதைப்பார், வாசிக்க வராது. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. தனியார் லாப்தானே என்பீர்கள். சரி, ஆனால் வெள்ளவத்தையில் கடை திறந்து, காசு வாங்கும் இடத்தில் எங்களோடு தமிழில் கதைக்கிறவர்களுக்கு நாலு வரி தமிழில் அடிக்க என்ன கஷ்டம்?

அப்புறம், கானுக்குள் நேரே போக விடாதீர்கள், ஆசிட் தெறிக்கும். கோப்பையில் பிடித்து மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். ஆசிட் இல்லாவிட்டால் கல்சியம் அடியில் படிந்து கணக்கில் குறையும். சில லாப்களில் பிறகு தாங்களே சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட என்று வந்தாலும் நீங்களாகப் பாலை நிறுத்திவிடாதீர்கள். உப்புக் கூடினால் சலத்தில் கல்சியமும் கூடும் என்று டொக்டர் இவருக்குக் குறைக்கச் சொன்னது கருவாட்டையும் ஊறுகாயையும்தான்.