அரசாங்கத்துக்குச் சொந்தமான வியாபாரச் சொத்துகளை அரசாங்கமே நடத்த வேண்டுமா, தனியாருக்கு விற்றுவிட வேண்டுமா?

கேட்ட விதத்தைப் பார்த்தால் கல்லூரியில் படிப்பவர் என்று தோன்றுகிறது, தம்பி. உங்கள் பாடத்தில் மலேசிய அரசாங்கத்தின் எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ், முதலீட்டுக் கம்பெனி கசானா என்று இருக்கும். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் லாரி ஓட்டுநர். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த அரசாங்கச் சொத்து ஒரு சாப்பாட்டுக் கடைதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு நகராண்மைக் கழகம் கட்டிய வளாகத்தில் 14ஆம் எண் கடை.

அம்மா அங்கே 11 வருடம் தோசையும் வடையும் போட்டார். நகராண்மைக்குக் கட்டும் வாடகை மாதம் 180 வெள்ளி (ரிங்கிட்). அம்மா கொடுத்தது 1,100. லைசன்ஸ் வேறொருவர் பெயரில் இருந்தது. அந்த மனிதர் ஒரு நாள்கூட அங்கே அடுப்பு பற்றவைத்ததில்லை. மாதம் பிறந்தால் வருவார், பணத்தை எண்ணி வாங்கிப் போவார், ரசீது கிடையாது. ஒரு மழைக்காலத்தில் வடிகால் அடைத்துக் கடைக்குள் தண்ணீர் ஏறியது. கவுண்டருக்கு நான்தான் ஓடினேன். "லைசன்ஸ் வைத்திருப்பவர் வந்து புகார் கொடுக்கணும்" என்றார்கள். அவர் வரவில்லை. அம்மாவே மூங்கிலை விட்டுக் குத்தி அடைப்பை எடுத்தார், 58 வயதில்.

உள்வாடகை சட்டப்படி தப்பு, தெரிந்துதானே எடுத்தீர்கள் என்று யாராவது கேட்பீர்கள். தெரியும். அம்மா பெயரில் இரண்டு தடவை மனு போட்டோம், கடை காலி இல்லை என்றே பதில் வந்தது. அப்புறம் அந்த லைசன்ஸ்காரர் 1,500 கேட்டார், அம்மா கடையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த ஷட்டர் திறக்கவே இல்லை. அப்போதும் காலி இல்லை என்றுதான் சொன்னார்கள். சொந்தக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் "நம்ம ஆளுக்கு வியாபாரம் வராது" என்று அம்மா முகத்துக்கு நேரே சொன்னார். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விற்றால் சரியாகிவிடுமா? மலேசியா ஏர்லைன்ஸைப் பாருங்கள். 1994இல் பங்கு ஒன்று 8 வெள்ளி என்று ஒரு தொழிலதிபர் கைக்குப் போனது. 2000ஆம் ஆண்டுக் கடைசியில் அரசாங்கம் அதே 8 வெள்ளிக்குத் திரும்ப வாங்கச் சம்மதித்தது. சந்தையில் அப்போது 4 வெள்ளிகூட இல்லை. 2014இல் இரண்டு விமானங்களை இழந்த பிறகு கசானா முழுசாக எடுத்துக்கொண்டு 6 பில்லியன் வெள்ளித் திட்டம் போட்டது. சுமார் 6,000 பேருக்கு வேலை போனது. ஆக, விற்றபோதும் பணம் நம்முடையதுதான், திரும்ப எடுத்தபோதும் நம்முடையதுதான்.

அதனால் நான் விற்கச் சொல்ல மாட்டேன். கடை யார் பெயரில், வாடகை எவ்வளவு, எந்த வருடம் வரை, உள்ளே நிற்பது யார் என்று வளாகத்துச் சுவரிலேயே ஒட்டச் சொல்வேன். பெரிய கம்பெனிக்கும் அதேதான். அரசாங்கத்தின் முதலீட்டுக் கம்பெனியான 1எம்டிபியின் ஆலோசனைக் குழுத் தலைவராக அன்றைய பிரதமரே இருந்தார். நஷ்டம் என்று வந்தால் எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பது?

போன மாதம் அந்த வழியாக அம்மாவைக் கூட்டிப் போனேன். 14ஆம் எண்ணைப் பார்த்ததும், "அந்த வடிகாலை யாராச்சும் சரி பண்ணாங்களாய்யா?" என்று கேட்டார்.