மலையே இல்லாத தஞ்சை டெல்டாவில் மவுண்டன் பைக் ஓட்டும் பாதையைப் பராமரிக்கத் தன்னார்வலராக வேலை செய்ய முடியுமா?

கும்பகோணத்துக்காரனுக்கு மலை என்றால் சுவாமிமலைதான். அதுவும் கட்டுமலை, 60 படி. அந்த ஊரில் இருந்துகொண்டு 2021-ல் நான் மவுண்டன் பைக், அதாவது மலைப்பாதையில் ஓட்டுகிற கியர் சைக்கிள், வாங்கினேன் என்றால் வீட்டில் என்ன பேச்சு விழுந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடியும். நாங்கள் ஐந்தாறு பேர் செய்துகொண்டிருக்கிறோம். இங்கே பாதை என்பது ஆற்றங்கரை. நான் அதைப் புரிந்துகொண்டதே ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கித்தான்.

மலையில் பாதை போடுகிறவர்களுக்கு முதல் எதிரி தண்ணீர். மழைத்தண்ணீர் பாதையோடு ஓடினால் மண்ணை அரித்துவிடும். அதனால் பாதையின் வெளி ஓரத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வைப்பார்கள். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது, சராசரியாக 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் கணக்கு உண்டு. தண்ணீர் தேங்குகிற இடத்தில் குறுக்கே ஒரு பள்ளம் இழுத்துச் சரிவில் இறக்கிவிடுவார்கள். இதையெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்பினேன்.

அரசலாற்றுக் கரையில் ஒரு இடத்தில் டிராக்டர் தடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. குறுக்கே ஒரு முழ அகலத்துக்கு வெட்டி ஆற்றுப்பக்கம் திறந்துவிட்டேன். ஜோராக வடிந்தது. போட்டோகூட எடுத்தேன். அப்போதுதான் அவர் வந்தார்.

"தம்பி, எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"கரையில போயி வாய் வெட்டி வச்சிருக்கியே. ஐப்பசியில ஆத்துல தண்ணி ஏறுனா இந்த வழியாத்தான் உள்ள பூரும். கரை உடைஞ்சா எங்க நடவு போச்சு. உன் சைக்கிளா வந்து அடைக்கும்?"

மண்வெட்டியை வாங்கி வெட்டின மண்ணை அவரே தள்ளினார். பிறகு "ஏறி மிதி" என்றார். அரை மணி நேரம் மிதித்தேன். போட்டோவை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

உடைப்பு என்ற சொல்லுக்கு இங்கே இருக்கிற பயம் வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. வெள்ளத்தைத் தடுக்க ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம் என்று 1858-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இருந்தது. ஆட்கள் சேர்ந்து வாய்க்காலும் கரையும் பார்த்துக்கொள்ளும் குடிமராமத்து அதைவிடப் பழைய வழக்கம். ஆக, நாம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. சைக்கிள் மட்டும்தான் புதுசு.

இப்போது கரையை வெட்டுவதே இல்லை. பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்குவதோடு சரி. அதற்கும் பாசனப் பிரிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டு, கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியரான அந்தப் பகுதி லஸ்கரிடமும் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் பாண்டு சட்டியைத் தூக்குவோம். களிமண்ணை ஈரப்பதமாக இருக்கும்போது போட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். காய்ந்த கட்டியாகப் போட்டால் அடுத்த மழையில் கரைந்து போகும்.

சீமைக்கருவேலத்தில் பாதைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை மட்டும் கழிப்போம். வேரோடு பிடுங்க ஆசையாகத்தான் இருக்கும். கரையில் பிடுங்கினால் அந்தக் குழியே பலவீனம். பிடுங்காமல் விட்டால் மறுபடி துளிர்க்கும். இரண்டில் துளிர்ப்பதே மேல் என்பது என் கட்சி. வெட்டின முள்ளைத் துடைப்பம் போட்டுப் பெருக்கிவிடுங்கள். ஒரு கிளையைத் தடத்தில் விட்டால் நான்கு பேருக்குப் பஞ்சர்.

எங்களால் உருப்படியாக நடக்கிற காரியம் ஒன்று உண்டு. சைக்கிளில் மெதுவாகப் போகும்போது எலி வளையும் நண்டு வளையும் கண்ணில் படும். ஆற்றில் தண்ணீர் போகும்போது கரையின் வெளிப்பக்கம் ஈரம் கசிந்தால் அதுவும் தெரியும். இடத்தைக் குறித்து லஸ்கருக்குப் போன் செய்துவிடுவோம். மோட்டார் பைக்கில் பறக்கிறவர்களுக்கு இது தெரியாது.

காலம் முக்கியம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். மூடின பிறகு மாசி, பங்குனிதான் எங்கள் சீசன். சித்திரை, வைகாசியில் தூர்வார பொக்லைன் வந்தால் அள்ளின மண்ணைக் கரையில்தான் கொட்டுவார்கள். நாம் செய்ததெல்லாம் அதற்கடியில். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, தண்ணீர் வருவதுதான் முதல் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் கரைப் பக்கமே வண்டியை எடுக்காதீர்கள். ஈரக் களிமண்ணில் பதிகிற டயர் தடம் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும்; அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால்.

அந்தப் பெரியவர் இப்போதும் எங்களைப் பார்த்தால் "கியர் வண்டிக்காரனுங்க வந்துட்டானுவ" என்பார். போன வருடம் கரையில் ஒரு பூவரசு சாய்ந்தபோது ஆள் அனுப்பிச் சொன்னதும் அவர்தான்.

மாசியில் வருவதாக இருந்தால் சொல்லுங்கள். அரிவாள், மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது. முழுக்காலுக்கு ஷூ மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள், புல்லில் விரியன் கிடக்கும்.