641-இல் பிடிபட்ட எண்

கேள்வி: 4294967297 என்ற எண்ணை நூறு வரைக்கும் இருக்கிற எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது. அப்படியானால் இது பகா எண்தானே? கணினி இல்லாமல் உறுதிசெய்ய வழி இருக்கிறதா?

பதில்: நூறோடு நிறுத்தியதுதான் தப்பு. விடாமல் போயிருந்தால் 641-இல் பிடிபட்டிருக்கும். 641-ஐ 6700417-ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் எண் அப்படியே வரும்.

வருத்தப்படாதீர்கள், இதே எண்ணில் கணித மேதை ஃபெர்மாவே சறுக்கியிருக்கிறார். 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் இது. அடுக்கு 32-க்குப் பதில் 1, 2, 4, 8, 16 என்று போட்டால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும், ஐந்துமே பகா எண்கள். ஐந்து தடவை சரியாக வந்ததும் ஆறாவதும் அப்படித்தான் என்று யாருக்கும் தோன்றும். அவரும் 1640 வாக்கில் இந்த வரிசை முழுக்கப் பகா எண்களே என்று நம்பி எழுதிவிட்டார். அந்த ஆறாவதுதான் உங்கள் எண். காலை வாரிவிட்டது! 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அதை உடைத்துக் காட்டினார்.

இதில் உங்களுக்கு உதவக்கூடியது ஆய்லர் பிற்பாடு நிறுவிய ஒரு விதி: இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். அப்படிப் பார்த்தால் 3, 7, 11 என்று நீங்கள் மாங்கு மாங்கென்று வகுத்ததெல்லாம் வீண். சோதிக்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே வகுத்தல்!

அந்த ஐந்து வகுத்தலும் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்தது இதுதான். 641 என்பது 5 × 128 + 1. அதே 641 என்பது 625 + 16-உம் கூட. முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். 5 × 128 என்பது 641-க்கு ஒன்று குறைவு, அதாவது 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதை நாலாம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி +1 ஆகிவிடும். 5-இன் நாலாம் அடுக்கு 625, 128 என்பது 2-இன் ஏழாம் அடுக்கு என்பதால், 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1. சரி, இப்போது இரண்டாவது: 625 என்பது 641-க்குப் 16 குறைவு, ஆகவே 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். 16 என்பது 2-இன் நாலாம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்து 32. ஆக, 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. அதோடு ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம். பத்து இலக்க எண்ணை ஓரிடத்தில்கூட வகுக்கவில்லை, கவனித்தீர்களா?

மிஞ்சிய 6700417 பகா எண்தான். அதற்கு மேல் உடைக்க முடியாது.

இந்த வரிசையில் 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. அடுக்கை இரட்டித்துக்கொண்டே போய் 2-இன் 33-ஆம் அடுக்கையே அடுக்காகப் போட்டால் வரும் எண்ணுக்கு 258 கோடிக்கும் மேல் இலக்கங்கள். அது பகா எண்ணா இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.