விளக்கைப் போட்டதும் வரும் தனிமை

எனக்கு வயது 66. கும்பகோணத்தில் இருக்கிறேன். மனைவி காலமாகி 14 மாதம். மகன் பெங்களூரில், மகள் டல்லாஸில். "வெளியே போங்கப்பா, நாலு பேரோட பழகுங்க" என்கிறார்கள். போகாமல் இல்லை. காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடை, கூட நடப்பவர்களோடு பேச்சு, சாயங்காலம் கோயில். ஆனால் ஆறரைக்கு வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டதும் தொண்டை அடைக்கிறது. சத்தத்துக்காக டிவியை ஓடவிடுகிறேன். பிள்ளைகள் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இத்தனை பேரோடு பழகியும் தனிமை போகவில்லையே, என்னிடம்தான் கோளாறா?

பதில்:

ஐயா, உங்களிடம் கோளாறு இல்லை. வேறு நோய்க்கான மருந்தை உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பழக ஆளில்லாத தனிமை ஒன்று. நம்மை முழுதாக அறிந்த அந்த ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. முன்னது நடைத்தோழர்களால் தீரும். உங்களுக்கு வந்திருப்பது பின்னது. அதற்குக் கூட்டம் போதாது.

இதோடு இன்னொன்றும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். உங்கள் மனம் நோகுமே என்று யாரும் உங்கள் மனைவியின் பேச்சை எடுப்பதில்லை. பிள்ளைகள் கலங்குவார்களே என்று நீங்களும் எடுப்பதில்லை. அவரை நினைத்துப் பேசக்கூட ஆளில்லாமல் போகிறது. தொடங்க வேண்டியவர் நீங்கள்தான். அடுத்த முறை மகளிடம், "இன்னிக்கு வத்தக்குழம்பு வெச்சேன், அம்மா கைப்பக்குவம் வரல. புளி எவ்வளவு கரைப்பா?" என்று கேளுங்கள். அவர் அழுதால் அழட்டும், போனை மட்டும் வைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நீண்ட அழைப்பைவிட தினம் 10 நிமிடம் நல்லது, அதுவும் அந்த ஆறரை மணிக்கே. டல்லாஸில் அப்போது காலை ஏழு, எட்டு மணி. காபி குடித்துக்கொண்டே பேசிவிடலாம்.

கோயிலுக்குக் கிளம்பும்போதே கூடத்து விளக்கைப் போட்டுவிட்டுப் போங்கள். திரும்பியதும் கைக்கு ஒரு வேலை காத்திருக்கட்டும்: மறுநாளுக்குக் காய் நறுக்குவது, துணி மடிப்பது.

நடைத்தோழர்களில் ஒருவரை, துணையை இழந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, மாலைக் காபிக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அவர் ஒருமுறை வரவில்லை என்றால் 'நம்ம சகவாசம் பிடிக்கவில்லை' என்று தோன்றும். நீண்ட தனிமை மனத்தை எச்சரிக்கையிலேயே வைத்திருக்கிறது, சாதாரண முகத்திலும் புறக்கணிப்பைத் தேடவைக்கிறது என்பது உளவியலாளர் ஜான் கசியோப்போ விரிவாக ஆராய்ந்த விஷயம். அந்த எண்ணத்தை நம்பி ஒதுங்கினால் தனிமை கூடும். மூன்று முறையாவது கூப்பிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்: 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கென்றே 14567 இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை.