அப்பாவின் ஓட்டும் மகனின் ஊரும்

அன்புள்ள ஐயா,

2024 மக்களவைத் தேர்தலில் 79 வயதான என் அப்பா கைத்தடியை ஊன்றியபடி வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் ஊருக்கு வரவே இல்லை. கேட்டால் ‘லீவு கிடைக்கலை, பஸ் கிடைக்கலை’ என்கிறான். இந்தத் தலைமுறைக்குப் பொறுப்பே இல்லை என்று தோன்றுகிறது. இன்னொரு பக்கம், அப்பா வயதுக்காரர்கள் யோசிக்காமல் பழகிய சின்னத்திலேயே குத்துகிறார்கள் என்றும் வருத்தமாக இருக்கிறது. நான் நினைப்பது சரிதானா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் மகன் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நம் நாட்டில் எந்த வயதினர் எவ்வளவு பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தேர்தல் ஆணையம் ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் என்று பிரித்துத்தான் வாக்குப்பதிவைச் சொல்கிறது. வயதுவாரியாக நாம் பேசுவதெல்லாம் கருத்துக்கணிப்புகளை நம்பித்தான்.

ஜப்பானில் இதை முறையாகப் பார்க்கிறார்கள். 2021 பொதுத்தேர்தலில் அங்கே இருபதுகளில் இருப்பவர்களில் 36.5 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். அறுபதுகளில் இருப்பவர்களில் 71 சதவீதத்துக்கும் மேல். ‘பார்த்தீர்களா, அங்கேயும் அப்படித்தான்’ என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 2016-ல் அங்கே ஓட்டு வயதை 20-லிருந்து 18 ஆக்கினார்கள். அந்த வருடம் நடந்த மேலவைத் தேர்தலில் 18 வயதுக்காரர்களில் 51 சதவீதம் பேர் போட்டார்கள், 19 வயதுக்காரர்களில் 42 சதவீதம்தான். ஒரே ஒரு வயது வித்தியாசத்தில் பொறுப்பு குறைந்துவிடுமா? பதினெட்டில் பிள்ளை பெற்றோரோடு இருக்கிறது. பத்தொன்பதில் படிக்கவோ வேலைக்கோ பெருநகரத்துக்குப் போய்விடுகிறது, குடியிருப்புப் பதிவு மட்டும் சொந்த ஊரிலேயே கிடக்கிறது. முக்கியமான காரணமாக அங்கே சொல்லப்படுவது இதுதான்.

உங்கள் மகன் கதையும் இதுதானே? நம் சட்டப்படி ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் மகன் வசிப்பது சென்னையில், நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறையில். பெயர் இருப்பது கோபியில். ஓட்டுப் பதிவு நாளான ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை, தொடர் விடுமுறை என்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் அவ்வளவு கூட்டம். அந்தத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் பதிவானபோது மத்திய சென்னையில் 54 சதவீதம்தான். சென்னைக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று உடனே திட்டினோம். வீடு மாறிப் போனவர்களின் பெயரும் பழைய பட்டியலில் கிடக்கும், அந்த விழுக்காட்டில் அதுவும் சேர்ந்திருக்கிறது என்பதை நாம் அதிகம் பேசவில்லை.

இதைவிட எனக்கு வலிப்பது, பட்டியலுக்கே வராத பிள்ளைகளை நினைத்தால்தான். 1989-ல் ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆனது. 35 வருடம் கழித்து, 2024-ல், 18, 19 வயதில் பதிவு செய்திருந்தவர்கள் நாடு முழுவதும் சுமார் 1.8 கோடி. அந்த வயதில் இருப்பவர்களில் அது பாதிகூட இல்லை. 18 முடிந்துவிட்டதா என்று பார்த்துப் பெயர் சேர்க்க, இப்போது வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. கல்லூரிக்குள்ளேயே ஒருவர் உட்கார்ந்து, புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ வாங்கினால் எத்தனை பெயர் சேரும்! பையன்களைக் குறை சொல்லும் முன் இதைச் செய்திருக்கிறோமா?

அப்பாவின் சின்னத்துக்கு வருகிறேன். வயதாகிவிட்டதால் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறீர்கள். 2024-ல் 79 என்றால், 1967 பிப்ரவரியில் அவருக்கு 21 முடிந்திருக்கும். அவர் முதல் ஓட்டு அந்தத் தேர்தலில்தான் இருந்திருக்கும். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் முடிந்து இரண்டே வருடம். தெருவில் இறங்கிய மாணவர்களில் எத்தனையோ பேருக்கு 21 ஆகாததால் ஓட்டே இல்லை, ஆனாலும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் காமராஜரைத் தோற்கடித்தார், 1,285 ஓட்டு வித்தியாசத்தில். ஆட்சியே மாறியது. அப்படி ஒரு பருவத்தில் ஒருவர் எடுத்த முடிவு, எந்தப் பக்கமாக இருந்தாலும், லேசில் கழன்று போகாது. 1977-ல் எம்.ஜி.ஆருக்கு முதல் ஓட்டைப் போட்டவர்களுக்கும் இன்று எழுபதை ஒட்டி வயது. இரட்டை இலையை அவர்கள் இன்னும் தேடுவது முதுமையால் வந்த பழக்கம் என்று நான் நம்பவில்லை. இளமையில் யோசித்துப் போட்ட ஓட்டு அது.

மகனிடம் படிவம் 8-ஐ நிரப்பச் சொல்லுங்கள், பெயரைச் சென்னை முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது அப்பாவின் பக்கத்தில் உட்காரவைத்து, 1967-ல் யாருக்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கேளுங்கள். அப்பா என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.