ராமானுஜனுக்குக் கிடைத்த இரண்டு ஃபெலோஷிப்

அன்புள்ள சார்,

ராமானுஜன் பற்றிய கட்டுரையில், 1918ல் அவருக்கு ராயல் சொசைட்டி ஃபெலோஷிப், கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி ஃபெலோஷிப் இரண்டும் கிடைத்ததாக எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் சேர்த்து எவ்வளவு பணம் வந்திருக்கும்? என் தங்கை மகள் நெட் தேர்வில், ஆராய்ச்சி செய்ய மாதாமாதம் அரசு பணம் தரும் ஜேஆர்எஃப் வாங்கியிருக்கிறாள். நான் அதை ஸ்காலர்ஷிப் என்று சொல்லப்போக, "பெரியம்மா, அது ஃபெலோஷிப்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துகிறாள். எங்கள் சபையில் ஃபெலோஷிப் என்றால் ஆராதனை முடிந்து டீயும் பன்னுமாகப் பேசிக்கொண்டிருப்பது. எல்லாம் ஒன்றுதானா?

எம்., நாகர்கோவில்

அன்புள்ள எம்.,

அறிவியலாளர்களின் சங்கமான ராயல் சொசைட்டியில் சல்லிக்காசு வராது, நாம்தான் கொடுக்க வேண்டும். 1660ல் லண்டனில் அதைத் தொடங்கியவர்கள் முதல் கூட்டத்திலேயே கட்டணத்தை முடிவு செய்துவிட்டார்கள்: சேரும்போது பத்து ஷில்லிங், அப்புறம் வாரம் ஒரு ஷில்லிங். இன்றைக்கும் ஃபெலோக்கள் சந்தா கட்டுகிறவர்கள்தான். ஆனால் பணம் இருந்தால் மட்டும் உள்ளே போய்விட முடியாது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். ராமானுஜனுக்கு முன் அப்படிப் போன இந்தியர் ஒரே ஒருவர், 1841ல் பம்பாயின் கப்பல் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி.

ட்ரினிட்டி விஷயம் வேறு. அந்தக் கல்லூரியே ஃபெலோக்களுடையதுதான். அங்கே ஃபெலோ என்றால் சம்பளத்துக்கு வந்தவர் இல்லை, பங்காளி மாதிரி. சொத்திலும் நிர்வாகத்திலும் அவருக்குப் பேச்சு உண்டு, உணவுக்கூடத்தில் ஃபெலோக்கள் சேர்ந்து உண்ணும் உயர்மேசையில் இடம் உண்டு, மற்றவர்கள் சுற்றிப்போக வேண்டிய முற்றத்துப் புல்வெளியில் குறுக்கே நடக்கவும் உரிமை உண்டு. பங்காளி என்பதால்தான் சேர்ப்பதில் அவ்வளவு தகராறு. 1917ல் ராமானுஜன் பெயர் வந்தபோது நிராகரித்தார்கள். கறுப்பர் ஒருவரை ஃபெலோவாக ஏற்க முடியாது என்று ஓர் உறுப்பினர் சொன்னதாக, அந்தக் கல்லூரியின் கணித ஃபெலோ லிட்டில்வுட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். முதல் உலகப் போரை எதிர்த்த தத்துவ அறிஞர் ரஸ்ஸலின் பக்கம் நின்றதால், ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டிக்கும் கல்லூரியில் அப்போது செல்வாக்கு இல்லை. 1918 மே மாதம் ராயல் சொசைட்டி ராமானுஜனைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பட்டம் வந்த பிறகு கல்லூரியால் மறுக்க முடியவில்லை, லிட்டில்வுட் வாதாடி அக்டோபரில் முடித்துவைத்தார். காசே தராத ஃபெலோஷிப்தான் காசு தந்த ஃபெலோஷிப்புக்கு வழிவிட்டது.

சரி, பணத்துக்கு வருகிறேன். ட்ரினிட்டியில் ஆண்டுக்கு 250 பவுண்டு, ஆறு ஆண்டுகளுக்கு. வேலை, நிபந்தனை ஒன்றும் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு அறிவித்தது. 1919 ஜனவரியில் ராமானுஜன் பல்கலைக்கழகத்துக்குப் பதில் எழுதினார்: இது தன் தேவைக்கு மிக அதிகம், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போகட்டும், தன் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வைத்துக்கொள்ளட்டும். ஏழு ஆண்டுகளுக்கு முன் மாதம் முப்பது ரூபாய்க்குத் துறைமுகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் இவர்.

உங்கள் டீயும் பன்னும் இதிலிருந்து தள்ளி நிற்கிற சங்கதி இல்லை. சபை வழக்கில் ஐக்கியம் என்கிறீர்களே, அதில் சேர்ந்து உண்பதற்கு எப்போதுமே இடம் உண்டு. கல்லூரிகளின் உயர்மேசையும் அந்த வழியில் வந்ததுதான். 1871 வரை ஆங்கிலத் திருச்சபையைச் சேராதவர் அங்கே ஃபெலோ ஆவதற்கே சட்டம் தடையாக இருந்தது. ராமானுஜனுக்கு வாய்க்காமல் போனது இந்தச் சேர்ந்து உண்பது ஒன்றுதான். சைவச் சாப்பாட்டில் கறாராக இருந்ததால் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டார். ஃபெலோ ஆன சமயத்தில் சிகிச்சையில் இருந்தார். 1919 பிப்ரவரி கடைசியில் கப்பலேறிவிட்டார். உயர்மேசை உரிமை காகிதத்தோடு நின்றது.

உங்கள் தங்கை மகள் வாங்கியிருப்பது பெயரளவில் ஃபெலோஷிப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து வேலையை மதிப்பிட்டு 42,000. முன்னேற்ற அறிக்கை, வழிகாட்டியின் கையெழுத்து எல்லாம் உண்டு. என் கணக்கில் இது ட்ரினிட்டியைவிட, 1913ல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்குக் கொடுத்த மாதம் 75 ரூபாய்க்குத்தான் நெருக்கம். அதற்கும் அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதன் பெயர் ஸ்காலர்ஷிப். ஆக நீங்கள் சொன்னதில் பெரிய தப்பில்லை. ஆனாலும் அவளிடம் வாதாடாதீர்கள், கடினமான தேர்வு அது. சேர்ந்து, காகிதமெல்லாம் நகர்ந்து முதல் தொகை கைக்கு வரச் சில மாதம் ஆகலாம். அதுவரை ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் பெரியம்மா கொஞ்சம் கொடுத்து வைத்தால் நல்லது.